நானாட்டானில் ஒரு மாய நகருலா

மன்னாரைப் பார்க்க வருகின்றவர்கள் பெரும்பாலும் பாலத்தைக் கடந்து தீவுக்குள்ளேயே சென்றுவிடுகின்றார்கள். அங்கே கடலோரத்துப் பழங்கோட்டை உண்டு; யானைக்கால் போன்ற அடிமரத்தோடு நிற்கும் பெருக்க மரம் உண்டு; தெருவெல்லாம் தமக்கே உரியதென்பது போல உலாவும் கழுதைகள் உண்டு; தலைமன்னாருக்கு அப்பால் இராமர் அணையின் மணற்றிடல்கள் உண்டு. இவற்றைக் கண்டபின் திருக்கேதீச்சரத்தை வணங்கிவிட்டு ஊர் திரும்புவர். பெருநிலப் பக்கத்தில், வயல்களின் நடுவே அமைதியாக இருக்கும் நானாட்டானைத் தேடிப் போகின்றவர் மிகச் சிலரே.

முருங்கனிலிருந்து சிலாவத்துறை நோக்கிச் செல்லும் தெருவில் இருக்கிறது இவ்வூர். மன்னார் என்றால் உப்புக் காற்றும் கருவாடும் பனையுமே என்று எண்ணியிருப்போர்க்கு நானாட்டான் ஒரு வியப்பாகவே தோன்றும். இருபுறமும் கண்ணுக்கெட்டிய தூரம் நெல்வயல். வாய்க்கால்களில் கொக்கும் நாரையும். வரம்பிலே மிதிவண்டியைச் சாய்த்துவிட்டு நீர் பார்க்கும் கமக்காரர். இந்த வளத்துக்குக் காரணம் அருவியாறு. சிங்கள மக்கள் மல்வத்து ஓயா என்று அழைக்கும் இவ்வாறு அநுராதபுரத்தைத் தழுவி, 164 கிலோமீற்றர் ஓடி, அரிப்புக்கு அருகே கடலில் கலக்கிறது. தேக்கம் அணைக்கட்டிலே அதன் நீரைத் திருப்பிக் கட்டுக்கரைக் குளத்தை நிரப்பினார்கள் நம் முன்னோர். அக்குளம் இல்லையேல் நானாட்டானில் நெல் இல்லை.

ஆற்றைக் கடந்து மேற்கே சற்றுத் தூரம் சென்றால் காட்சி முற்றாக மாறிவிடும். வயல் முடிந்து மணல் தொடங்கும். அரிப்பு, சிலாவத்துறை எனக் கடலோர ஊர்கள் வரும். அரிப்பிலே, தேசாதிபதி நோர்த் முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்வதற்காக 1801 முதல் 1804 வரை கட்டுவித்த மாளிகையின் இடிந்த சுவர்கள் கடலைப் பார்த்தபடி நிற்கின்றன. ஒருபுறம் உழுதுண்ணும் ஊர், மறுபுறம் அலைமேல் வாழும் ஊர். இரண்டுக்கும் நடுவே சில மைல் தூரமே. இந்த இடைவெளியை மனத்திற் கொண்டு மேலே படிக்குமாறு நேயர்களை வேண்டுகிறேன். நான் சொல்லவந்த செய்திக்கு அது வேண்டியிருக்கிறது.

வயல் நடுவே ஒரு நகரம்

சிவராத்திரிக்குத் திருக்கேதீச்சரம் சென்று, பாலாவித் தீர்த்தமாடி, மறுநாள் நானாட்டானில் உள்ள நண்பர் ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தேன். பெரும்போக அறுவடைக் காலம். முற்றத்திலே பாய் விரித்து நெல் காயப்போட்டிருந்தார்கள். கோழிகளைத் துரத்துவதற்காக நண்பரின் மனைவியார் கையிலே ஒரு பூவரசங் கம்போடு இருந்தார். இத்தகைய வீட்டின் விறாந்தையிலே, ஒரு பழைய கணினியின் முன்னால், உயர்தர வகுப்பிற் படிக்கும் அவர்களுடைய இளைய மகன் அமர்ந்து அமெரிக்க நகரம் ஒன்றில் கார் ஓட்டிக்கொண்டிருந்தான்.

“மாஸ்ரர், நீங்களாவது சொல்லுங்கோ. உதுக்குள்ளை பூந்தானெண்டால் வெளியிலை வாறானில்லை,” என்றார் நண்பர்.

“இப்பதான் சேர் படிச்சு முடிச்சனான்,” என்று எழுந்து நின்றான் பையன்.

அவனை அமரச் செய்து, பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நானும் பார்க்கத் தொடங்கினேன். மாணவர் எதைப் பார்க்கின்றார்கள் என்று அறியாமல் அதனை வைவதிற் பயனில்லை. அன்றும் மறுநாளுமாக நான் கண்ட அந்நகரத்தைப் பற்றியே இக்கட்டுரை. பயணக் கட்டுரை எழுதுவோர் பாரிஸையும் காசியையும் எழுதுவர். நம் பிள்ளைகள் நாள்தோறும் உலாவும் ஊர்கள் வேறாகிவிட்டமையால், அவ்வூர்களையும் யாரேனும் போய்ப் பார்த்து எழுத வேண்டியிருக்கிறது.

லொஸ்ட் ஹெவன் என்னும் ஊர்

விளையாட்டின் பெயர் ‘மாஃபியா’. செக் நாட்டின் புருனோ நகரில் இருந்த இல்லூஷன் சொப்ற்வேர்க்ஸ் என்னும் நிறுவனம் 2002ஆம் ஆண்டு இதனை வெளியிட்டது. கதையை எழுதி ஆக்கத்தை முன்னின்று நடத்தியவர் டானியல் வாவ்ரா. 2020இல் இதே கதையை ஹங்கர் 13 என்னும் நிறுவனம் புத்தம்புதிதாக வரைந்து மீண்டும் வெளியிட்டது. பையனின் கணினி பழையதாகையால் முதற் பதிப்பே அதில் ஓடிற்று.

கதை நிகழும் ஊர் லொஸ்ட் ஹெவன். ‘இழந்த சொர்க்கம்’ என்று பொருள்படும் இந்நகரம் எந்த நிலப்படத்திலும் இல்லை. 1930களின் அமெரிக்க நகரங்களைப் பார்த்துக் கற்பனையாக வரையப்பட்டது. இத்தாலியர் குடியிருப்பு, சீனர் தெரு, தொழிற்சாலைப் பகுதி, செல்வர் வாழும் மேட்டு நிலம், இவற்றைப் பிரிக்கும் ஆறு, ஆற்றின்மேற் பாலங்கள், தலைக்குமேல் ஓடும் தொடர்வண்டி, தெருவில் ஊரும் டிராம் வண்டி ஆகியன எல்லாம் உண்டு. கார்களோ அக்காலத்துக் கார்கள். மேட்டிலே ஏறும்போது மூச்சு வாங்கும். வானொலிக் காலத்து ஜாஸ் இசை தெருவுக்குத் தெரு மாறி ஒலிக்கிறது. இத்தகைய விளையாட்டுக்களைத் ‘திறந்த உலக’ விளையாட்டுக்கள் என்பர். குறித்த பாதையில் மட்டுமன்றி, விரும்பிய திசையிலெல்லாம் திரியலாம் என்பது கருத்து.

நகரைச் சுற்றிக் காட்டுவது நம் இலக்கியத்துக்குப் புதிதன்று. இளங்கோவடிகள் கோவலனை மதுரைக் கடைத் தெருக்களில் நடக்கவிட்டு, மணியும் பொன்னும் கூலமும் விற்கும் வீதிகளைக் காட்டிய பின்னரே அவனைக் கொலைக்களம் நோக்கிச் செலுத்துகின்றார். மதுரைக்காஞ்சியிலோ பகலும் இரவுமாக நகர வாழ்வு விரிகிறது. நள்ளிரவிலே திரியும் கள்வரும் அவரைத் தேடும் காவலரும் அங்கே வருகின்றனர். நகரம் என்றால் அதற்கு ஓர் இருட்டும் உண்டு என்பதை நம் புலவர்கள் அறிந்திருந்தனர். லொஸ்ட் ஹெவன் அந்த இருட்டையே முதன்மையாகக் காட்டுகிறது.

கதையின் வன்மை

கதாநாயகன் டொமி அஞ்ஜெலோ ஒரு வாடகைக் கார் ஓட்டி. 1930ஆம் ஆண்டில் ஓர் இரவு, பகைவருக்கு அஞ்சி ஓடிவரும் இரண்டு முரடர்கள் துப்பாக்கியைக் காட்டி அவனுடைய காரில் ஏறிக்கொள்கின்றனர். அவன் காரை ஓட்டித் தப்பவைக்கிறான், கூலியும் பெறுகிறான். மறுநாளே எதிர்க்கூட்டத்தார் அவனுடைய காரை உடைத்து அவனையும் அடிக்கின்றனர். உயிர் தப்ப அவன் ஓடிப் புகுவது, முதல் நாள் தான் காப்பாற்றியவர்களின் தலைவரான டொன் சலியெரியின் மதுச்சாலைக்கு. அன்றிலிருந்து எட்டு ஆண்டுகள் அவன் அக்கூட்டத்தின் ஆள். 1938இல் துப்பறியும் அதிகாரி ஒருவரின் எதிரே அமர்ந்து தன் கதையை அவன் சொல்வதாக விளையாட்டு அமைந்துள்ளது.

இதில் நான் கண்ட முதற் சிறப்பு, தீமை எவ்வளவு சிறிய வாயில் வழியாக நுழைகிறது என்பதைக் காட்டியதே. “அவன் முதல்ல கார் மட்டும்தான் சேர் ஓடினவன். ஆரையும் ஒண்டும் செய்யேல்லை,” என்றான் பையன். உண்மைதான். டொமி தீயவனாகப் பிறக்கவில்லை, பேராசைக்காரனாகவும் தொடங்கவில்லை. ஒரு தடவை கார் ஓட்டினான், அவ்வளவே.

இரண்டாவது சிறப்பு, சட்டத்தை மதிக்கும் ஒழுங்கு. கொள்ளைக் கூட்டத்தைப் பற்றிய விளையாட்டிலே இதனைச் சொல்வது நகைப்புக்குரியதாகத் தோன்றலாம். ஆனால் லொஸ்ட் ஹெவன் நகரில் சிவப்பு விளக்கைத் தாண்டினாலும், வரையறுத்த வேகத்துக்கு மேற் சென்றாலும், காவலர் கண்ணிற் பட்டால் தண்டப்பணம் கட்ட வேண்டும். பிற திறந்த உலக விளையாட்டுக்களில் நடைபாதை மேலும் கார் ஓட்டிப் பழகிய பிள்ளை இங்கே விளக்கடியில் பொறுமையோடு நிற்கிறான். அப்படி நிற்கும்போதுதான் நகரத்தையே பார்க்கிறான். விரைந்து செல்வோர்க்கு எந்த ஊரும் தெரிவதில்லை.

மூன்றாவது சிறப்பு, முடிவு. டொமியின் நண்பர் இருவரில் ஒருவன் கொல்லப்படுகிறான். மற்றவன் துரோகியாகி டொமியின் கையாலேயே மடிகிறான். டொமி அரசுக்குச் சாட்சி சொல்லி, பெயரை மாற்றிக்கொண்டு, மனைவி மக்களோடு வேற்றூரில் மறைந்து வாழ்கிறான். 1951ஆம் ஆண்டில் ஒரு நாள் தன் வீட்டுப் புற்றரையில் நிற்கும்போது, காரில் வந்திறங்கிய இருவர் அவனைச் சுட்டுவிட்டுப் போகின்றனர். பதின்மூன்று ஆண்டுகள் கழித்தும் கணக்கு மறக்கப்படவில்லை. வெற்றி முழக்கத்தோடு முடியும் ஏராளமான விளையாட்டுக்களிடையே, ஆடியவனையே தோற்றவனாக்கி முடிக்கும் துணிவு பாராட்டத் தக்கது.

குறைகள்

குறைகளுக்கு வருவோம். நகரம் பெரியது, ஆனால் உள்ளீடற்றது. எத்தனையோ வீடுகள் உண்டு. கதவு திறப்பவை சிலவே. திறந்த உலகம் என்று பெயர். ஆயினும் கதையில் ஒரே தெருவே திறந்திருக்கிறது. ஏவிய வேலையைச் செய்தாலொழியக் கதை நகராது. டொமி ‘மாட்டேன்’ என்று சொல்ல வழியில்லை. நகர் முழுதும் திரிய உரிமை கொடுத்தவர்கள் மறுக்க உரிமை கொடுக்கவில்லை. இவ்வெறுமையை நிரப்ப எண்ணினார்கள் போலும், 2016இல் வெளிவந்த மூன்றாம் பாகத்தில் நகரெங்கும் வேலைகளை இறைத்தார்கள். ஒரே வகை வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சலிப்பாக இருக்கிறதென்று அதனை ஆடியோர் பலர் குறை கூறினர். வெறும் வீடும் பிழை. வீண் பொருள்களால் அடைத்த வீடும் பிழை.

இரண்டாவது குறை கடினம் பற்றியது. முதற் பதிப்பிலே கார்ப் பந்தயக் கட்டம் ஒன்று வருகிறது. அதில் முதலாவதாக வராவிட்டால் கதை மேலே செல்லாது. அதனைத் தாண்ட மாட்டாமல் விளையாட்டையே கைவிட்டவர் உலகெங்கும் உண்டு. நம் பையன் எத்தனை இரவுகளை அதிற் போக்கினான் என்று கேட்டேன். தந்தையைப் பார்த்துவிட்டுச் சிரித்தானேயன்றி விடை கூறவில்லை. மாணவனுடைய பொழுதை இப்படிக் கறப்பது சிறிய குறையன்று.

மூன்றாவது குறையே பெரிது. ஒரு கட்டத்தில், ஒற்றுச் சொன்ன பெண்ணொருத்தியைக் கொல்லும்படி டொமி ஏவப்படுகிறான். அவள் தன் காதலியின் தோழி என்று அறிந்து இரங்கி, ஊரை விட்டு ஓடிவிடுமாறு சொல்லி விடுகிறான். நெஞ்சைத் தொடும் இடம். ஆனால் அடுத்த சில நிமிடங்களில், தப்பியோடும் வழியிலே, ஒரு தேவாலயத்துக்குள் நடக்கும் மரணச் சடங்கின் நடுவே, எத்தனையோ பேரைச் சுட்டு வீழ்த்துகிறான். பாதிரியார் அவனைக் கடிந்து பேசுகிறார், எனினும் விழுந்தவர்களுக்குப் பெயர் இல்லை, தாய் இல்லை, அழுவார் இல்லை. ஒருத்திக்கு இரங்கிய மனம் அவர்களுக்கு ஏன் இரங்கவில்லை என்று விளையாட்டு கேட்பதில்லை. கதை மனந்திருந்தியவன் கதை; கைகள் செய்வதோ கொலைத்தொழில். இவை இரண்டும் இறுதிவரை பொருந்தவேயில்லை. புதிய பதிப்புக்கு மேல்நாடுகளில் வழங்கிய வயதுச் சான்று, அது முதிர்ந்தோர்க்குரியது என்பதாகும்; ஐரோப்பாவில் 18 வயது என்றே வரையறுத்தனர். பத்து வயதுச் சிறுவர் கையில் இதனைக் கொடுக்கும் பெற்றோர் உறைமேல் அச்சிட்ட அந்த எண்ணையாவது படிக்க வேண்டும்.

கடலோரத்துக் கதை

மாலையில் நண்பரும் பையனும் நானும் வாய்க்காற் கரையோரமாக நடந்தோம். அப்போது நண்பர் ஒரு செய்தி சொன்னார். சில வாரங்களுக்கு முன், கடலோரப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் பையனைத் தெருவில் நிறுத்தி, இரவிலே மோட்டார்ச் சைக்கிளில் ஒரு பொதியைப் பிரதான வீதிவரை கொண்டுபோய்க் கொடுக்க முடியுமா என்று கேட்டாராம். பொதியில் என்ன இருக்கிறதென்று பார்க்கத் தேவையில்லை. ஓட்டினால் மட்டும் போதும். தருவதாகச் சொன்ன தொகையோ, வயலில் ஒரு மாதம் கூலிக்கு நின்றாலும் கிடையாதது.

இதிலே வியப்பதற்கு ஒன்றுமில்லை. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே உள்ள தூரம் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். அக்கரையில் மலிந்த பொருள் இக்கரையில் அரிதானாலும், இக்கரையில் மலிந்தது அக்கரையில் அரிதானாலும், நடுக்கடலிலே தோணிகள் சந்திக்கும். 2019ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கை அரசு மஞ்சள் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. 2020இல் கறிக்கு இடும் மஞ்சள் மூடை மூடையாகக் கள்ளமாக வந்து இறங்கியது. 2013இல் இந்தியா தங்கத்துக்கு விதித்த தீர்வையை உயர்த்தியது. தங்கம் எதிர்த்திசையிற் சென்றது. கடலட்டையைப் பிடிப்பது இந்தியாவில் 2001இல் தடை செய்யப்பட்டது. இலங்கையில் அனுமதிப் பத்திரத்தோடு பிடிக்கலாம். ஆகவே அதுவும் கள்ளமாகக் கடல் கடக்கிறது. பீடி இலை, கஞ்சா என்று பட்டியல் நீளும். டொன் சலியெரி போன்ற தலைவர்களை அமெரிக்காவில் வளர்த்ததும் 1920 முதல் 1933 வரை அங்கிருந்த மதுவிலக்கேயாகும். ஒரு பொருளுக்கு வேலி போட்டால், வேலியில் துளையிடுவோர்க்குக் கூலி பிறக்கிறது.

அக்கூலியின் பெரும்பங்கு யாருக்குப் போகிறது என்பதையும் எண்ண வேண்டும். அகப்படுகின்றவன் தோணியில் இருந்தவன்; கரையில் விளக்குக் காட்டியவன்; மோட்டார்ச் சைக்கிள் ஓட்டியவன். முதல் போட்டவன் அகப்படுவது அரிது. ‘மாஃபியா’வில் இதற்கொப்பான கட்டம் உண்டு. துறைமுகத்திலிருந்து சுருட்டுப் பெட்டிகளை எடுத்துவருமாறு தலைவர் ஏவுகிறார். டொமியும் நண்பரும் உயிரைப் பணயம் வைத்து எடுத்து வருகின்றனர். பெட்டிக்குள் சுருட்டுக்கு அடியிலே வைரம் இருந்தது அவர்களுக்குப் பின்னரே தெரிகிறது. சுமந்தவனுக்குச் சுருட்டின் கணக்கு. தலைவனுக்கு வைரத்தின் கணக்கு. அந்தக் கட்டம் நம் கடலோரத்துக்கென்றே எழுதியது போல இருக்கிறது.

“அப்ப நீ என்ன சொன்னனீ?” என்று பையனைக் கேட்டேன்.

“ஏலாது எண்டு சொன்னனான் சேர்.”

“டொமியின் கதையைப் பார்த்ததாலோ?”

அவன் சிரித்துவிட்டான். “கேம் என்ன சேர் கேம்! அப்பாவுக்குத் தெரிஞ்சால் என்னை வெட்டிப் போட்டிருப்பார்.”

நண்பரும் சிரித்தார். விளையாட்டு ஒன்று பிள்ளையைக் காப்பாற்றியது என்று எழுத விரும்பிய என் ஆசிரிய மனத்துக்கு அவ்விடை நல்ல பாடம். சற்றுத் தூரம் நடந்தபின் அவனே தாழ்ந்த குரலிற் சொன்னான்: “எண்டாலும் சேர், ‘ஓடினாப் போதும்’ எண்டு அந்தாள் சொல்லேக்கை டொமியின்ரை ஞாபகம் வந்தது. அதே மாதிரித்தான் கேட்டவர்.”

வால்மீகியைப் பற்றி வழங்கும் பழங்கதை ஒன்றுண்டு. வழிப்பறி செய்து குடும்பத்தைக் காத்துவந்த வேடனிடம், ‘உன் பாவத்தில் உன் வீட்டார் பங்கேற்பார்களா?’ என்று முனிவர் கேட்கிறார். அவன் ஓடிப்போய்க் கேட்கிறான். உணவிலே பங்கு கொண்டவர் ஒருவரும் பாவத்திலே பங்கு கொள்ள இசையவில்லை. டொமியும் தன் செயலுக்கெல்லாம் குடும்பத்தையே காரணம் காட்டுகிறான். ஆனால் வேடனை வழியில் நிறுத்திக் கேள்வி கேட்க ஒரு முனிவர் இருந்தார். டொமிக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை. நானாட்டான் பையனுக்கு அரிவாளோடு ஒரு தந்தை இருந்தார்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் அத்தகைய தந்தை இல்லை. போர் 2009இல் முடிந்தபின், குடும்பத் தலைவரை இழந்த வீடுகள் இக்கரையோரத்தில் எத்தனையோ உள்ளன. பொதியோடு வருகின்றவர் அவ்வீட்டுப் பையனையே முதலில் தேடுவார். அவனுக்கு ‘விளையாடாதே’ என்று சொல்வதும் ஒரு கணினியை மூடிவைப்பதும் எளிது. கடலோரத் தெரு மூடப்படுவதில்லை. அது உண்மையான திறந்த உலகம். அங்கே தண்டனை தண்டப்பணத்தோடு நிற்பதில்லை. தோற்ற கட்டத்தை மறுபடி தொடங்கவும் இயலாது.

ஆகவே பெற்றோரையும் ஆசிரியரையும் நான் வேண்டுவது இதுவே. உரிய வயது வந்த பிள்ளை இத்தகைய விளையாட்டை ஆடுமாயின், ஒரு நாளாவது பக்கத்தில் நாற்காலி போட்டு அமருங்கள். சுடுகின்ற இடங்களிற் சலித்துக்கொள்ளுங்கள். சிவப்பு விளக்கில் நின்றால் மெச்சுங்கள். முதல் இரவிலே டொமி காரை ஓட்டும் இடம் வரும்போது, ‘நீயாக இருந்தால் என்ன செய்வாய்?’ என்று கேளுங்கள். அந்த வினாவைக் கேட்கும் வசதி விளையாட்டுக்குள் அமைக்கப்படவில்லை. அதை நாம்தாம் வெளியிலிருந்து கொண்டுபோக வேண்டும்.

நானாட்டானுக்குச் செல்வோர் பெரும்போகத்தில், தை மாசி மாதங்களிற் செல்லுதல் நன்று. கதிர் முற்றிய வயலைக் காணலாம். முருங்கனிற் பேருந்து மாறலாம். அருவியாற்றுப் பாலத்தைக் கடந்தால் அரிப்பு மாளிகையையும் பார்த்துவரலாம். வழியிலே விளக்குச் சந்திகள் இல்லை, மாடுகள் குறுக்கிடும், அவற்றுக்காக நிற்க வேண்டும்.